பழைய சிம்னி வாயை மூடுவது எப்படி? ரிங்லெட் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கேமரன் மலையில் இருக்கிற ரிங்லெட்டில் நாங்கள் இருப்பது பழைய தேயிலைத் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) வீடு. ஹாலில் துரைமார் காலத்துச் சிம்னி ஒன்று இருக்கிறது. அதில் கடைசியாக விறகு எரிந்தது தாத்தா காலத்தில் என்று அப்பா சொல்வார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு ஆளைப் பிடித்து, விறகு வைக்கிற அதன் கீழ் வாயைச் செங்கல் வைத்து மூடி, பூசி, பெயிண்டும் அடித்துவிட்டோம். தைப்பூசம் வருவதற்குள் சுவரில் டீத்தண்ணீர் கொட்டினது மாதிரி கறை. அதை உடைத்து, தப்பு எங்கே என்று தேடிப் படித்து, தெரிந்த கொத்தனார்களிடம் கேட்டு, மறுபடி ஒழுங்காகக் கட்டினோம். அதிலிருந்து இந்தப் பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் எழுதிவிடலாம் என்றுதான் இது.

அண்ணே, மூடித்தான் ஆகணுமா? அப்படியே விட்டால் என்ன?

விடலாம், ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் ராத்திரியில் குளிர்காற்று நேராக இறங்கும், மழை பெய்தால் கரி கரைந்து தரையில் சொட்டும், எலி வரும், கொசு வரும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கையெல்லாம் கரி. இதில் எது உங்களுக்குத் தொல்லை என்று முதலில் யோசியுங்கள். குளிர் மட்டும்தான் பிரச்சினை என்றால் வாய்க்கு அளவாக ஒரு பலகையை வெட்டி, அடியில் நாலைந்து ஓட்டை போட்டுச் சாய்த்து வைத்தாலே போதும். அந்த அறைக்கு ஜன்னலைத் தவிர வேறு காற்று வழி எதுவும் இல்லையென்றால் சிம்னி வாயை மூட அவசரப்படாதீர்கள். நம் மலைவீடுகளில் குளிருக்குப் பயந்து ஜன்னலை எப்போதும் சாத்தியே வைத்திருப்போம். அந்த வீடு இதுவரை மூச்சு விட்டதே சிம்னி வழியாகத்தான் இருக்கும்.

இவ்வளவு வெயில் அடிக்கிற நாட்டில் சிம்னி எதற்குக் கட்டினார்கள்?

கீழ்நாட்டு ஆட்கள் எல்லாரும் இதைக் கேட்பார்கள். கேமரன் மலையில் பகலிலேயே 25 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம், ராத்திரியில் 15, 16 டிகிரிக்கு இறங்கும். 'போ' (BOH) தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கியது. அந்தக் காலத்திலும் அதற்குப் பிறகும் துரைமார்களுக்குக் கட்டின பங்களாக்களில் அவர்கள் ஊர் வழக்கப்படி கணப்பு (குளிர்காய விறகு எரிக்கிற இடம்) வைத்துக் கட்டினார்கள், சில கிராணி வீடுகளிலும் அதே மாதிரி வைத்தார்கள். கீழே தாப்பா, ஈப்போ பக்கம் இருப்பது பெரும்பாலும் விறகடுப்புப் புகைபோக்கி. அதை மூடும் முறையும் கிட்டத்தட்ட இதேதான்.

வேலையைத் தொடங்குவதற்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?

மேலே பாருங்கள். எல்லாரும் ஹாலில் உட்கார்ந்துகொண்டு கீழ் வாயையே பார்க்கிறோம், நாங்களும் அதைத்தான் செய்தோம். தண்ணீர் வருவது கூரைக்கு மேலே இருக்கிற இன்னொரு வாயிலிருந்து. அது திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா, பாதி இடிந்திருக்கிறதா என்று தெரியாமல் கீழே ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது.

ஒரு ஊதுபத்தி கொளுத்தி சிம்னி வாய்க்குள் பிடியுங்கள். புகை சரசரவென்று மேலே ஏறினால் வழி வானம் வரைக்கும் திறந்திருக்கிறது. அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தால் அநேகமாக எங்கேயோ அடைப்பு: கூடாக இருக்கலாம், விழுந்த செங்கலாக இருக்கலாம், முன்பு யாராவது மேலே மூடியிருக்கலாம். காற்றே இல்லாத நாளில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், அதனால் இரண்டு மூன்று தடவை, வேறு வேறு நேரத்தில் பாருங்கள். அப்புறம் கைப்பேசியில் விளக்கைப் போட்டு, கேமராவை மேல்நோக்கி உள்ளே நீட்டி ஒரு வீடியோ எடுங்கள். தலையை உள்ளே விட வேண்டாம், கண்ணில் கரி விழும்.

வெளியே ரோட்டுப் பக்கம் நின்று கூரைக்கு மேலே இருக்கிற சிம்னித் தூணைப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதன் உச்சியில் ஒரு அத்திக் கன்றும் பெரணியும் முளைத்திருந்தன. பறவை எச்சத்தில் விதை வந்து விழுந்து, வேர் செங்கல் இடுக்கில் இறங்கிச் சாந்தைப் பிளந்து வைத்திருந்தது. கீழே இருந்து பார்க்க அழகாகப் பச்சையாகத்தான் தெரிந்தது, அந்த விரிசல் வழியாகத்தான் இத்தனை வருஷமும் மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

எங்கள் வீடும் பக்கத்து வீடும் ஒட்டினாற்போல இருக்கு, கூரை மேல ஒரே தூண்தான். என்ன செய்யறது?

இதைத் தயவுசெய்து லேசாக எடுக்காதீர்கள். ஒரே தூணாக இருந்தாலும் உள்ளே வீட்டுக்கு ஒரு புகைக்குழல் தனித்தனியாக இருக்கும், நடுவில் மெல்லிய செங்கல் தடுப்பு ஒன்று பிரிக்கும். பல வருஷத்தில் அந்தத் தடுப்பு உதிர்ந்துபோயிருக்கலாம். அவர்கள் இன்னும் விறகோ கரியோ எரிக்கிறவர்களாக இருந்தால், அவர்கள் புகை உங்கள் பக்கம் வரும். புகை கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கும் தெரியும். கூடவே வருகிற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்காமலே போய்விடலாம்.

அதனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் நேராகப் போய்ப் பேசுங்கள். அவர்கள் அடுப்பு மூட்டுகிற நேரத்தில் உங்கள் பக்கம் எல்லாக் கதவு ஜன்னலையும் திறந்து வைத்து, வாய் அருகே புகை வாடை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மூடுகிற வேலையை நிறுத்திவிட்டு, முதலில் குழலைச் சரிபார்க்கத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். மேலே மூடி போடும்போதும் அவர்கள் குழலை மறைத்துவிடக் கூடாது. எது யாருடையது என்று கயிற்றில் துணி கட்டி இறக்கிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பல வருஷமா எரிக்கவே இல்லையே, சுத்தம் செய்யணுமா?

ஆமாம், செய்யணும். எங்களுக்கு வந்த கறைக்குப் பாதிக் காரணம் இதைச் செய்யாததுதான். கரி என்று நாம் சொல்வது வெறும் கறுப்புத் தூள் இல்லை. விறகும் நிலக்கரியும் எரிந்து படிந்த அந்த அடுக்கில் தாரும், பலவகை உப்புகளும் இருக்கின்றன. காய்ந்து கிடக்கும்வரை தொல்லை இல்லை. ஈரம் பட்டதும் கரைந்து செங்கல் வழியாக ஊறி, பூச்சைத் தாண்டி வெளியே வரும்.

சிம்னி பிரஷ் இங்கே எளிதில் கிடைக்காது. கழி ஒன்றோடு ஒன்று இணைகிற சாக்கடைக் குத்துக்கோல் இருக்கிறதல்லவா, அதன் நுனியில் கெட்டியான வட்டப் பிரஷைக் கட்டி மேலும் கீழும் இழுத்தோம். அதற்கு முன் வாயில் பழைய போர்வையை டேப் போட்டு ஒட்டி, கோல் நுழைகிற அளவு மட்டும் வழி விட்டோம். சோபா, அலமாரி எல்லாவற்றையும் அறையை விட்டு வெளியே எடுத்துவிடுங்கள், மேலே துணி போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். N95 முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். எங்களுக்கு இரண்டு சிமெண்டு பை நிறையக் கரி வந்தது, ஒரு முழுச் செங்கலும் விழுந்தது.

உள்ளே குருவிச் சத்தம் கேட்குது. குளவியும் இருக்கு போல.

பறவை என்றால் பொறுங்கள். லாயாங்-லாயாங் என்று இங்கே எல்லாரும் சொல்கிற தகைவிலான் மாதிரிப் பறவைகள் கூடு கட்டியிருந்தால், குஞ்சு பறந்துபோகிற வரைக்கும் சில வாரம் காத்திருந்து, கூடு காலியானதை உறுதி செய்துகொண்டு மூடுங்கள். உயிரோடு உள்ளே வைத்து மூடுவது பாவம். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பல பறவைகள் பாதுகாக்கப்பட்டவையும்கூட. வௌவால் என்றாலும் அப்படித்தான், அதன் எச்சத்தைக் காய்ந்த நிலையில் கூட்டிப் பெருக்காதீர்கள், தூசியில் நுரையீரலுக்கு ஆகாத பூஞ்சை இருக்கலாம். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி அள்ளுங்கள்.

குளவிக்கு நீங்களாகக் கைவைக்க வேண்டாம். புகை போட்டு விரட்டுகிறேன் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள், அது கீழ் வாய் வழியாக ஹாலுக்குத்தான் வரும். பொதுத் தற்காப்புப் படைக்காரர்கள் வந்து எடுப்பார்கள்.

கீழே மூடினால் போதாதா, மேலேயும் மூடணுமா?

மேலே மழை விழாமல் மூட வேண்டும், ஆனால் காற்று போய்வர வேண்டும். கீழேயும் மூட வேண்டும், அங்கேயும் ஒரு காற்று வழி வேண்டும். இந்த வேலையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் இது. சிம்னிக் குழல் என்பது சுவருக்குள் நிற்கிற நீளமான காலி இடம். எப்படி மூடினாலும் அதற்குள் கொஞ்சம் ஈரம் வரும்: கூரைக்கு மேலே நிற்கிற செங்கல் மழையை உறிஞ்சும், வீட்டில் சமைக்கிற, துணி காய வைக்கிற ஆவியும் இடுக்கு வழியாகப் போகும். நம் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, ராத்திரியில் செங்கல் சில்லென்று ஆகிவிடும், உள்ளே இருக்கிற ஈரக்காற்று அதில் பட்டு வியர்க்கும். காற்று கீழே நுழைந்து மேலே போய்க்கொண்டிருந்தால் அந்த ஈரம் தானாகக் காய்ந்துவிடும். இரண்டு பக்கமும் அடைத்துவிட்டால் அதற்குப் போக்கிடம் உங்கள் ஹால் சுவர்தான். எங்கள் வீட்டில் மேலே திறந்தே கிடந்தது, கீழே முழுசாக அடைத்துவிட்டோம். மழை நேராக உள்ளே விழுந்து, அடியில் தேங்கி, புதுச் செங்கலை நனைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. வாயை மூடுங்கள், மூச்சை அடைக்காதீர்கள் என்று ஒரு வயதான கொத்தனார் அப்போது சொன்னார்.

மேலே என்ன செய்வது என்றால், நாலு மூலையிலும் ஒவ்வொரு செங்கல் வைத்து, அதன்மேல் ஒரு சிமெண்டுப் பலகைக்கல்லைத் தூக்கி வையுங்கள். கல் தூணைவிட நாலு பக்கமும் 2 அங்குலமாவது வெளியே நீண்டிருக்கட்டும், அடிப்பக்கம் விளிம்பை ஒட்டி ஒரு சின்னப் பள்ளக்கோடு இருந்தால் தண்ணீர் உள்ளே ஓடாமல் அங்கேயே சொட்டிவிடும். செங்கற்களுக்கு நடுவே இருக்கிற திறப்புகளில் துருப்பிடிக்காத கம்பி வலை. தகரத்தைக் கவிழ்த்துக் கல் வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு, அது முதல் பலத்த காற்றில் பறக்கும், அல்லது குழிந்து தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டை வைக்கும்.

மேலே ஏறுகிற ஆளிடம் இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்: தூணும் கூரைத் தகரமும் சேருகிற இடம். அங்கே மடித்து வைத்திருக்கிற தகரப் பட்டை ஓட்டையாகியிருந்தால், சிம்னியை எவ்வளவு ஒழுங்காக மூடினாலும் தண்ணீர் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அதைச் சும்மா சில்லிகான் பூசிச் சமாளிக்காமல், பட்டையையே மாற்றச் சொல்லுங்கள். கூரை வேலையை நீங்களே செய்யாதீர்கள். பாசி படிந்த கூரை சோப்புத் தேய்த்தது மாதிரி வழுக்கும். சாரம் கட்டத் தெரிந்த ஆளுக்குக் காசு கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

செங்கல் வைக்கறதா, பலகை அடிக்கறதா? எது நல்லது?

திரும்ப எப்போதாவது திறக்க நினைத்தால் பலகை. இனி வேண்டவே வேண்டாம் என்றால் செங்கல். வீட்டை விற்கப் போகிறவர்களுக்கும் நான் பலகையைத்தான் சொல்வேன், வாங்குகிறவர்களுக்குப் பழைய சிம்னி பிடித்திருக்கலாம்.

பலகை என்றால் ஜிப்சம் பலகை வேண்டாம், இந்த ஊர் ஈரத்தில் ஒரே வருஷத்தில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். ஹார்டுவேர் கடையில் சிமெண்டுப் பலகை என்று கேட்டால் கொடுப்பார்கள். வாய்க்குள் கொஞ்சம் உள்வாங்கி மருந்து அடித்த மரச்சட்டம் ஒன்றைத் திருகி, அதில் பலகையைப் பொருத்தி, அடியில் காற்று வழிக்கு ஒரு வலைச்சட்டம். பக்கத்து வீட்டுக் குழல் எரிகிற நிலையில் இருந்தால் மரச்சட்டம் கூடாது, செங்கல் மட்டுமே.

ஏற்கெனவே யாரோ சாம்பல் நிறப் பலகை வெச்சு மூடியிருக்காங்க. பேர்த்து எடுத்துடலாமா?

நிறுத்துங்கள். பழைய காலத்தில் இப்படி மூடின பலகையிலும், கூரையிலும், சில புகைக்குழாய்களிலும் அஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கிறது. முழுசாக இருக்கிறவரை ஆபத்து குறைவு. அறுத்தாலோ, துளை போட்டாலோ, சுத்தியலால் உடைத்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும், மூச்சில் போனால் பல வருஷம் கழித்து நுரையீரலில் புற்றுநோய் வரைக்கும் கொண்டுவிடும். சந்தேகம் இருந்தால் உடைக்காமல் விட்டுவிட்டு, இது தெரிந்த ஆளை வைத்துச் சோதித்துப் பாருங்கள். குப்பையோடும் போடக் கூடாது.

செங்கல் கட்டறதை நானே செய்யலாமா, அங்கிள்?

சுவர் பூசின அனுபவம் கொஞ்சம் இருந்தால் செய்யலாம். 2 அடி அகலம், இரண்டரை அடி உயரமுள்ள வாய்க்கு அரைக்கல் கனத்தில் (செங்கலின் அகலம் அளவு) ஏறக்குறைய 30 செங்கல் போகும், உடைசலுக்கு ஐந்தாறு கூட வாங்கிக்கொள்ளுங்கள்.

வாயின் உள்விளிம்பில் இருக்கிற பழைய பூச்சைச் செங்கல் தெரிகிறவரை கொத்தி எடுங்கள். தூசியைத் துலக்கி, செங்கலைத் தண்ணீரில் நனைத்து எடுத்து வையுங்கள். காய்ந்த செங்கல் சாந்தில் இருக்கிற தண்ணீரை உறிஞ்சிவிடும், பிடிப்பே இருக்காது. எங்கள் முதல் சுவரை உடைத்தபோது கல்லெல்லாம் சாந்து ஒட்டாமல் பிஸ்கட் மாதிரி தனித்தனியாக வந்தது, அந்த ஆள் நனைக்கவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று நாலு வரிக்கு ஒரு முறை பழைய சுவரில் துளை போட்டு ஒரு கம்பியை அடித்து, மறுமுனையைப் புதுச் சாந்துக்குள் புதையுங்கள், இல்லையென்றால் பழையதும் புதியதும் சேருகிற கோட்டில் விரிசல் வரும். ஹால் சுவரின் பூச்சுக் கனம் எவ்வளவோ அந்த அளவு செங்கலை உள்ளே தள்ளிக் கட்டுங்கள், பூசினபிறகு சமமாக வரும்.

தரையிலிருந்து அரை அடி உயரத்தில் ஒரு ஓட்டைக்கல் வையுங்கள், வெண்டிலேஷன் கல் என்று கேட்டால் தெரியும். 9 அங்குலம் அகலம், 3 அங்குலம் உயரம் இருந்தால் போதும். பூசும்போது அதைச் சாந்தால் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உள்பக்கமும் விரலை விட்டுத் துழாவிப் பாருங்கள். வெளியே சின்ன வலை மூடி போட்டால் எலி வராது. பிறகு அந்த ஓட்டைக்கு முன்னால் சோபாவைத் தள்ளி வைத்து அடைத்துவிட்டால் இத்தனை வேலையும் வீண்.

ஈப்போ மாதிரிக் கீழ்நாட்டில் ஏர்கான் போடுகிற அறையாக இருந்தால் மட்டும் இந்த ஓட்டையை அறைப் பக்கம் வைக்காமல் வெளிச்சுவர்ப் பக்கம் வையுங்கள். வெளியே இருக்கிற ஈரக்காற்றைக் குளிர்ந்த அறைக்குள் இழுத்து வருவானேன்.

சாந்துக்குச் சிமெண்டு மட்டும் போதுமா? சுண்ணாம்பு எதுக்கு?

பழைய வீட்டுச் செங்கல் மென்மையானது, அன்றைக்குச் சுண்ணாம்பு கலந்த சாந்தில்தான் பெரும்பாலும் கட்டினார்கள். அந்தச் சுவர் கொஞ்சம் அசையும், ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். அதில் வெறும் சிமெண்டைக் கெட்டியாகப் பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும், பூச்சு தட்டினால் டொக் டொக் என்று கேட்கிற மாதிரி உப்பி நிற்கும். தவிரவும் கரியில் இருக்கிற சல்பேட் உப்பு ஈரத்தோடு சேர்ந்து சிமெண்டுச் சாந்தை அரிக்கும். 1 பங்கு சிமெண்டு, 1 பங்கு சுண்ணாம்புத்தூள், 6 பங்கு மணல் என்பது இந்த மாதிரிச் சுவருக்கு ஒத்துவரும். சுண்ணாம்பு கையை அரித்துவிடும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம், கையுறை இல்லாமல் கலக்காதீர்கள். பூசினபிறகு இரண்டு மூன்று நாள் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு வையுங்கள். பெயிண்டுக்கு ஒரு மாதமாவது பொறுங்கள், நம் ஊர் ஈரத்துக்கு ஆறு வாரம் என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

மூடி முடிச்சாச்சு, இப்போ மஞ்சள் கறை வருது. மேலே பெயிண்டு அடிச்சா போகுமா?

போகாது. நாங்கள் மூன்று தடவை அடித்துப் பார்த்தோம், ஒவ்வொரு தடவையும் இரண்டு வாரத்தில் அதே இடத்தில், அதே வடிவத்தில் திரும்ப வந்தது. அம்மா அதற்கு முன்னால் காலண்டரை மாட்டி மறைத்தார், காலண்டர் தாளிலேயே கறை ஏறியது.

முதலில் அது எங்கிருந்து வருகிற ஈரம் என்று பாருங்கள். ஒரு அடிச் சதுரத்தில் அலுமினியத் தாளை வெட்டி, கறை மேல் வைத்து, நாலு பக்கமும் டேப் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டிவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். சுவரை ஒட்டின பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. எங்களுக்கு உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது.

மழை பெய்தால் மட்டும் கறை பெரிதாகிறது என்றால் மேல் மூடியையும் தகரப் பட்டையையும் சரி செய்யுங்கள். மழையே இல்லாத நாளிலும், பனிமூட்டம் இறங்கினாலே சுவர் ஈரமாகிறது என்றால் அது உப்பின் வேலை, அந்த உப்பு காற்றில் இருக்கிற ஈரத்தையே இழுக்கும். அதற்கு வழி, கறையைச் சுற்றி ஒரு அடி தள்ளி அந்தப் பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டு, சுவரைச் சில வாரம் அப்படியே விட்டு, பூத்து வருகிற வெள்ளை உப்பைக் காய்ந்த பிரஷால் துலக்கி எடுப்பது. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும். அப்புறம் சுண்ணாம்புச் சாந்தில் புதுப்பூச்சு. சுவர் முழுக்க ஊறிப்போயிருந்தால், ஒரு அங்குல இடைவெளி விட்டுச் சட்டம் அடித்து முன்னால் சிமெண்டுப் பலகை வைப்பதுதான் சரி. கறை தடுக்கிற எண்ணெய் பிரைமர் என்று விற்பதை ஈரம் நின்று நன்றாகக் காய்ந்த சுவரில், மீதமிருக்கிற லேசான கறைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

எந்த மாசத்தில் செய்யறது?

எல்லாரும் தீபாவளிக்கு முன்னால் செய்ய நினைக்கிறோம். புதுப் பெயிண்டு, புதுத் திரை, விருந்தாளி வருவார்கள், ஆசை நியாயம்தான். ஆனால் கேமரன் மலையில் அக்டோபர், நவம்பர்தான் அதிக மழை மாதங்கள். அப்போது கட்டுகிற சுவர் காயவே காயாது. ஜனவரி, பிப்ரவரி ஓரளவு வறட்சியான மாதங்கள், பொங்கல் முடிந்ததும் தொடங்கினால் அடுத்த மழைக்காலமான ஏப்ரலுக்குள் சுவர் காய்ந்துவிடும். அப்போது முடியாவிட்டால் ஜூன், ஜூலை. தீபாவளிக்கு வீட்டை அழகாகக் காட்ட வேண்டுமென்றால் அந்த வாய்க்கு முன்னால் நல்ல குத்துவிளக்கு ஒன்றை வைத்துவிட்டு, வேலையைத் தைக்குத் தள்ளிப் போடுங்கள்.

தூணையே இடிச்சுட்டா தொல்லை விட்டதே?

கூரைக்கு மேல் உள்ள பகுதியை மட்டும் இறக்கிவிட்டுக் கூரையை மூடுவது உண்டு, அதிலும் மிச்சக் குழலுக்குக் காற்று வழி விட வேண்டும். ஆனால் ஹாலில் புடைத்து நிற்கிற பகுதியைக் கீழே இடித்து, மேலே உள்ளதை அந்தரத்தில் விட்டுவிடக் கூடாது. பல நூறு கிலோ செங்கல் அதன்மேல்தான் நிற்கிறது. கட்டட எஞ்சினியரைக் கேட்காமல் யாரும் இதைச் செய்யக் கூடாது. தெரு, வடிகால், கட்டடம் பற்றிய 1974-ஆம் ஆண்டுச் சட்டம் 133-இன் கீழ் கட்டடத்தை மாற்றுவதற்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி தேவைப்படும், தொடங்குவதற்கு முன்னால் மாவட்ட மன்றத்தில் போய்க் கேட்டுவிடுங்கள். வாயை மட்டும் அடைப்பது சின்ன வேலைதான், இருந்தாலும் கேட்பதில் நஷ்டமில்லை.

நாங்க இன்னும் தோட்டத்து வீட்டில்தான் இருக்கோம். கம்பெனியைக் கேட்கணுமா?

ஆமாம், எழுத்தில் கேளுங்கள். தொழிலாளர் வீடமைப்பு பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம் 446-இன்படி வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் பொறுப்பு. அதனால் கூரையும் சிம்னியும் ஒழுகினால் அவர்கள் செலவில் செய்து தரச் சொல்லலாம். உங்கள் கைக்காசைப் போட்டு முதலில் செய்துவிட்டுப் பிறகு அலைய வேண்டாம். ஒழுகுகிற இடத்தை மழை பெய்யும்போதே படம் எடுத்து, கடிதத்தோடு கொடுங்கள்.

மூடின அறையில் சாம்பிராணி போடலாமா? கரி அடுப்பு வைக்கலாமா?

சாம்பிராணிக்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள், போதும். குளிருக்கு இரும்புச் சட்டியில் கரி போட்டு அறைக்குள் வைக்கிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. சிம்னியை மூடின அறையில் அதை ஒருபோதும் செய்யாதீர்கள், நான் மேலே சொன்ன அதே வாயுதான் ஆளைக் கொல்லும். கேஸ் அடுப்பு இருக்கிற சமையலறை என்றால், சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் படியும். தரையோரம் வெளியே போகிற ஓட்டை எது இருந்தாலும் அதை அடைக்காதீர்கள்.

மூடின குழியை அப்படியே சாமி மாடமா வெச்சுக்கலாமா, தம்பி?

ஒரு அக்கா போன மாதம் கேட்டார், எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. தாராளமாக வைக்கலாம். வாயை மூடாமல், அதற்கு மேலே குழல் தொடங்குகிற கழுத்தில் அடைப்பைப் போட வேண்டும். அந்த அடைப்பு சிமெண்டுப் பலகையாகவோ கல்லாகவோ இருக்கட்டும், கீழே விளக்கு எரியப்போகிறது, மரப்பலகையோ பஞ்சோ கூடாது. பக்கத்து வீட்டுக் குழல் எரிவதாக இருந்தால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். அடைப்பில் ஓரமாக உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வலை ஓட்டை விடுங்கள், குழலுக்கும் காற்று, கற்பூரப் புகைக்கும் வழி. உட்சுவரில் கரியைச் சுத்தமாக எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு அடித்தால் போதும், டைல்ஸ் ஒட்டினால் ஈரம் பின்னால் மாட்டிக்கொள்ளும். அந்த அக்கா வீட்டில் முருகன் படம் வைத்திருக்கிறார்கள், பின்சுவரில் வெறும் சுண்ணாம்புதான். விளக்கின் சுடருக்கு நேர் மேலே அடைப்பு ஒன்றரை அடியாவது தள்ளி இருக்கும்படி அளந்து வைத்தோம்.